மற்றும் முப்பத்தெட்டுப் பேர்

"பேர் சொல்லுங்க பெரியவரே" என்று நூலக அம்மா மூன்றாவது முறையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். அதைச் சொன்னால் சிரிப்பார் என்று இரண்டு முறை விழுங்கிவிட்டேன். மூன்றாவது முறை வேறு வழியில்லாமல் சொன்னேன். மொட்டை மேஸ்திரி. அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, "கேஸ் போட்டவரோட நிஜப் பேர் வேணும். இங்க எல்லாமே பேர் வரிசைதான். மொட்டைன்னு போட்டு எந்த ஜட்ஜும் தீர்ப்பு எழுத மாட்டார்" என்றார். நான் தலையிலிருந்த கட்டை இறக்காமலே நின்றுகொண்டிருந்தேன். பதினாறு புத்தகம். கழுத்து நரம்பு சுண்டி இழுத்தது. இறக்கி வைத்துவிட்டுக் கேட்டிருக்கலாம். இறக்கினால் வேலை நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பார்கள், தூக்கிக்கொண்டு கேட்டால் போகிற போக்கில் கேட்டதாக ஆகும். சுமைக்காரனுக்கு இப்படிச் சில கணக்குகள் உண்டு.

சட்ட நூலகத்தின் மூன்றாவது மாடியில் கூரை ஒழுகுகிறது என்று பழைய புத்தகங்களையெல்லாம் கீழ்த்தளத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். லிஃப்ட் இருக்கிறது, அது நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும். புத்தகத்துக்கும் எங்களுக்கும் படிக்கட்டு. இந்தக் கட்டடத்துக்கு நான் புதிது இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது என்று இதே புத்தகங்களை மேலே ஏற்றியதும் நான்தான். அப்போது எங்கள் செட்டில் ஆறு பேர், ஆறு பேருக்கும் எழுத்து தெரியாது. நாற்பத்தொன்பது வயதில் சங்க ஆபீஸில் மாலை வகுப்புக்குப் போய்த்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன். சொல்லிக்கொடுத்த பெண் என் மகளைவிடச் சின்னவள். இப்போதும் உதடு அசையாமல் எனக்குப் படிக்க வராது.

எனக்கு அந்தத் தீர்ப்பு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசை வீடுகள் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருக்கின்றன. சுமை தூக்குகிறவர்களுக்காக எப்போதோ கட்டியவை. கிடங்கு முற்றத்தின் ஓரமாக ஒரு வழி போய்ப் பெரிய ரோட்டில் சேரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் எங்களுக்கு வழி. போன மாதம் கிடங்கை வாங்கிய புது முதலாளி அந்த வழியில் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார். இப்போது கால்வாய்க் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரனின் அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது ஆம்புலன்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஊதிக்கொண்டே இருந்தது. நாங்கள் நான்கு பேர் அந்த அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கால்வாய்க் கரையில் தூக்கிப் போனோம். மூட்டையென்றால் வழுக்கினால் போட்டுவிடலாம். பிழைத்துக்கொண்டார். அடுத்த முறை என்னாகும் என்பதுதான் வரிசை முழுக்கப் பேச்சு.

நகராட்சியில் போய்ச் சொன்னோம். அந்தக் காலத்திலேயே கேஸ் நடந்து நாங்கள் ஜெயித்த வழி அது என்று. அதிகாரி நல்ல மாதிரிதான். ஆனால், "எல்லாரும் ஜெயிச்சோம்னுதான் சொல்றாங்க. காகிதம் எங்க? வெள்ளிக்கிழமை முதலாளியையும் கூப்பிட்டிருக்கேன். தீர்ப்பைக் கொண்டுவாங்க, சுவரை இடிக்கச் சொல்றேன். இல்லன்னா என்னால ஒண்ணும் ஆகாது" என்றார். வெளியே வந்ததும் ரேடியோ என் முதுகில் தட்டினான். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். "அண்ணே இருக்கப்ப நமக்கென்ன கவலை? சட்டப் புஸ்தகத்துக்கு நடுவுலதான அவரு குடியிருக்காரு!" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அங்கே தூக்குகிறவன், படிக்கிறவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டான்.

நூலக அம்மா நிஜப் பேர் கேட்ட அன்று சாயங்காலம் குழாயடியில் விசாரித்தேன். கேஸ் போட்டபோது முதலில் நின்றவர் மொட்டை மேஸ்திரி. அவர் செத்துப் பல வருடம் ஆகிறது, பிள்ளைகுட்டி இல்லை. வரிசையிலேயே வயதானவர் ஒருவர்தான் அவரோடு வேலை செய்தவர்.

"அவர் பேரா? மேஸ்திரி."

"அது வேலைங்க. பேரு?"

"மொட்டை."

"அது தலைங்க!"

"அப்ப எனக்குத் தெரியாதுப்பா. பேரு வெச்சா கூப்பிடுவாங்க? கூப்பிடறதுதான் பேரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஆளோடு முப்பது வருடம் ஒரே மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்திருக்கிறார்கள், பெயர் தெரியாது. பிறகு யோசித்தால் ரேடியோவின் நிஜப் பெயர் எனக்கும் தெரியவில்லை. நான் யாரையும் திட்ட முடியாது.

பெயரில்லாவிட்டால் வருடமாவது சொல்லுங்கள் என்றார் நூலக அம்மா மறுநாள். அது என்னிடம் இருந்தது. தீர்ப்பு வந்த அன்றுதான் என் தங்கச்சி பிறந்தாள். கோர்ட்டிலிருந்து ஓடிவந்த அப்பா வாசலில் நின்று "வழி கிடைச்சிருச்சு" என்று கத்த, உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதாம். அவளை நாங்கள் இன்றைக்கும் வழி என்றுதான் கூப்பிடுகிறோம். வாசலுக்குப் போய்ப் போன் போட்டுக் கேட்டால், "என் வயசைக் கேக்கறதுக்கா வேலை நேரத்துல போன் பண்றே?" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் பிறந்த வருடத்தைச் சொன்னாள்.

அந்த வருடத்துக்கு மூன்று தொகுதி. முதல் இரண்டையும் நூலக அம்மா எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில், வாசகர் மேசையில் உட்காரக் கூடாது என்பதால், படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். தீர்ப்பு எழுதுகிறவர்கள் எடுத்ததும் கதை சொல்கிற மாதிரி நல்லபடி ஆரம்பிப்பார்கள். ஒரு விதவை தன் ஜன்னலுக்கு வரும் வெளிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் மறைக்கிறான் என்று வந்திருப்பாள். அண்ணன் தம்பி இருவர் ஒரு கழுதைக்காகப் பதினோரு வருடம் அலைந்திருப்பார்கள், கழுதை நாலாம் வருடமே செத்திருக்கும். நமக்கும் மனசு இழுக்கும். அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் ஆரம்பிக்கும் பாருங்கள், பக்கம் திரும்பினாலும் முடியாது. "மேற்கண்டவாறு இருப்பினும்" என்று ஒரு கால் வைப்பார்கள், "என்றாலும்" என்று அதைப் பின்னால் எடுப்பார்கள். வாக்கியத்தின் முடிவுக்கு நான் வந்து சேர்வதற்குள் யார் வாதி யார் பிரதிவாதி என்பது மறந்துபோகும், திரும்ப மேலே ஏற வேண்டும். நான் ஏறாத படிக்கட்டா? ஆனால் மூட்டையோடு ஏறினால் கால்தான் வலிக்கும். இது அவமானமாக இருந்தது. யாருக்காக எழுதினார்கள் இதை? கழுதைக்காரன் இதைப் படித்து ஜெயித்தானா தோற்றானா என்று தெரிந்துகொண்டிருப்பானா?

இரண்டு தொகுதியிலும் எங்கள் கேஸ் இல்லை. இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாவது தொகுதியைக் கேட்டபோது நூலக அம்மாவின் முகம் மாறியது. பெரிய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அந்த எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் "காணவில்லை" என்று இருந்தது. அடுத்த வருடக் கணக்கெடுப்பிலும் காணவில்லை. அதற்கடுத்த வருடமும். இருபத்திரண்டு சிவப்பு.

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் தொலைஞ்சது. ஒரே ஒரு புஸ்தகம். என் சர்வீஸ் புக்குல இருக்கற ஒரே மெமோ அதுதான். பதவி உயர்வு வர்றப்பல்லாம் அந்தக் காகிதம் முன்னால வந்து உக்காந்துக்கும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதுமே உயர்த்துவதில்லை.

இருபத்திரண்டு வருடம் என்றதும் நாங்கள் புத்தகங்களை மேலே ஏற்றிய அந்த நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எழுத்தர் புத்தகங்களை வரிசைப்படி கட்டிக் கொடுப்பார், நாங்கள் கட்டுப் பிரிக்காமல் கொண்டுபோய் அதே வரிசையில் அடுக்க வேண்டும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் கட்டின் கயிறு அறுந்தது. புத்தகங்கள் படிப்படியாக உருண்டன. எழுத்தர் பார்த்தால் அன்றைய வேலை போச்சு. அவசரமாகப் பொறுக்கி மேலே கொண்டுபோய், எனக்குத் தெரிந்த வரிசையில் அடுக்கினேன். உயரத்துக்கு உயரம், நிறத்துக்கு நிறம். அந்தக் கட்டில் எல்லாம் சிவப்பு அட்டை, ஒன்றே ஒன்று மட்டும் பச்சை. சிவப்புக்கு நடுவில் பச்சை நின்றால் யாருக்கும் தப்பாகத்தானே தெரியும்? எதிர்ச் சுவரில் ஒரு முழு அலமாரி பச்சையாக இருந்தது. கொண்டுபோய் அதில் செருகினேன். எழுத்தர் வந்து பார்த்து, "பரவாயில்லையே, இவன் ஒருத்தன்தான் சுத்தமா அடுக்கியிருக்கான்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொன்னது கூட நினைவிருக்கிறது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். தேடிக் கண்டுபிடித்த மாதிரி கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். ஆனால் பதிவேட்டில் அந்தச் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றிருந்தன. "மேடம், அது தொலையல. நான்தான் மாத்தி வெச்சேன்" என்றேன்.

அவர் பதிவேட்டை மூடினார். பிறகு, "எங்க?" என்றார்.

பச்சை அலமாரி இன்னும் மேலேயே இருந்தது, அரசு அறிவிப்புகளின் வரிசை. யாரும் கேட்காததால் கடைசியில் இறக்கலாம் என்று விட்டிருந்தோம். நான்காவது தட்டு, இடது கைப்பக்கம். கண் பார்ப்பதற்கு முன்பே என் கை அதைத் தொட்டுவிட்டது. முதுகில் இருந்த எழுத்தை முதல் முறையாகப் படித்தேன். தீர்ப்புகள் என்று போட்டிருந்தது, வருடம் போட்டிருந்தது. எழுத்து தெரிந்தவன் எவனாவது ஒரு தடவை இந்தத் தட்டைப் பார்த்திருந்தால் போதும். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர் பார்க்கவில்லை. என் மேல் வந்த கோபத்தில் பாதியை அவர்கள் மேல் போட்டேன். பாதி என்னிடமே நின்றது.

கொண்டுவந்து கொடுத்ததும் அவர் அதன் அட்டையைக் கையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "சிவப்புத் துணி தீந்துபோயிருக்கும். பைண்டர் பச்சையைப் போட்டுட்டான். அவ்வளவுதான் விஷயம்" என்றார். பிறகு பழைய குரலுக்கு வந்துவிட்டார். "ஜெராக்ஸ் வேணும்னா வக்கீல் கையெழுத்தோட விண்ணப்பம் குடுக்கணும், பதினஞ்சு நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழமை கேக்கறாங்க மேடம். நாளைக்கழிச்சு."

"தெரியும். போனைத்தான் வாசல்லயே வாங்கி வெச்சுடறாங்களே, போட்டோவும் எடுக்க முடியாது. ஆனா கையால எழுதிக்கத் தடையில்ல. எழுதுங்க. நான் வரிக்கு வரி ஒத்துப் பார்த்து சீல் வெக்கிறேன். ஒரு வரி விட்டிருந்தாலும் வெக்க மாட்டேன்." மேசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வாசகர் மேசையில்.

எங்கள் கேஸ் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. மொட்டை மேஸ்திரிக்கு ஒரு பூவின் பெயரில் தொடங்குகிற அழகான பெயர் இருந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில், "மற்றும் முப்பத்தெட்டுப் பேர்". அப்பாவின் பெயரைத் தேடினேன். ஒன்பது பக்கத்திலும் இல்லை. முப்பத்தெட்டில் ஒருவர். அவ்வளவு வருடம் வேலையை விட்டுவிட்டுக் கோர்ட் வாசலில் நின்றவரை ஒரு எண்ணுக்குள் போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் ஆறாம் பக்கத்தில் மூன்றாம் சாட்சி என்று ஒருவர் வந்தார். "சுமை தூக்குபவர், எழுத்தறிவு இல்லாதவர்." வழி எவ்வளவு அகலம் என்று கேட்டிருக்கிறார்கள். அளவு தெரியாது, தலையில் மூட்டையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் உரசாமல் போகலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். கைரேகை வைக்கச் சொன்னபோது எந்த விரல், சுமை பிடிக்கிற விரலா என்று கேட்டாராம். அதையும் நீதிபதி எழுதி வைத்திருந்தார். அது அப்பாதான். வேறு யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நீளநீளமான வாக்கியங்களுக்கு நடுவில் அப்பாவின் பேச்சு மட்டும் சின்னதாக இருந்தது. மூச்சு வாங்காமல் படித்தேன்.

புதன் பிற்பகலும் வியாழன் முழுதும் எழுதினேன். ஒரு மணி நேரம் எழுதினால் ஒரு மணி நேரம் சுமை. மூட்டை தூக்குகிற கைக்குப் பேனா கனம் தெரிவதில்லை என்று நினைப்பீர்கள். இரண்டாம் பக்கத்திலேயே விரல் மரத்துப்போனது. ஒன்பதாம் பக்கத்தின் கடைசிப் பத்திக்கு வந்தபோது வியாழன் மாலை நான்கு மணி. "ஆகவே மேற்படி வழி வாதிகளுக்குத் திறந்தே இருக்க வேண்டும்" என்று எழுதி முடித்தேன். ஜெயித்துவிட்டோம். அப்பா கத்தியது உண்மைதான். புள்ளி வைக்கப் போனால் அங்கே புள்ளி இல்லை. வாக்கியம் வழக்கம்போலத் தொடர்ந்தது. "ஏனெனில் இவ்வழி தலைச்சுமை எடுத்துச் சென்றதால் ஏற்பட்ட வழியாகையால், அவ்வரிசை வீடுகளில் குடியிருப்போரில் ஒருவரேனும் சுமை தூக்கும் தொழிலைச் செய்துவரும் காலம் வரை."

மூன்று தரம் படித்தேன். தலைக்குள் வீடுவீடாக எண்ணிக்கொண்டு போனேன். ரேடியோ செல்போன் உறை விற்கிறான். எதிர்வீட்டுக்காரன் வண்டி ஓட்டுகிறான். மூன்று பேர் காவல் வேலை, இரண்டு பையன்கள் பைக்கில் பார்சல் கொண்டுபோகிறார்கள், அது சுமையில் சேருமா என்று எந்த நீதிபதி சொல்வார்? முப்பத்தொன்பது பேர் இருந்த வரிசையில் தலையில் சுமை வைக்கிறவன் இன்றைக்கு நான் ஒருவன்தான். நானும் இந்த மாதத்தோடு விடுவதாக இருந்தேன். டாக்டர் என் கழுத்தெலும்பைப் படத்தில் காட்டி, இனி ஒரு வருடம் தூக்கினால் கை இரண்டும் விளங்காது என்று சொல்லியிருந்தார். மருமகன் ஒரு பேங்க் வாசலில் உட்கார்ந்த வேலை பார்த்து வைத்திருக்கிறார். என் மனைவி, சுமையை விட்டுவிடுவேன் என்று நான் சொன்னதை நம்பி, முப்பது வருடமாக என் தலையில் இருந்த சும்மாட்டுத் துணியைத் துவைத்துச் சுருட்டித் தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள். ஒன்பது நாளாக நான் நூலகத்திலிருந்த கித்தான் துணியை மடித்துத் தலையில் வைத்துத்தான் தூக்கினேன்.

நூலக அம்மா அளவுகோலை வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தார். எழுத்துப் பிழை நாலு இருந்தது, திருத்தச் சொன்னார். கடைசி வரியில் அளவுகோல் நின்றது. அதற்குக் கீழே போகவேயில்லை. நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார்.

"நீங்க இந்த வேலையை எப்ப விடறதா இருக்கீங்க?"

"இந்த மாசத்தோட."

அவர் சீல் கட்டையை மைப்பெட்டியில் அழுத்தினார். ஒருமுறை அழுத்தினால் போதும், மூன்று முறை அழுத்தினார். பிறகு ஒவ்வொரு தாளிலும் குத்தினார். "பதிவேட்டுல மூணாம் தொகுதி கிடைச்சுதுன்னு இன்னைக்குத் தேதி போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். நன்றி என்று சொன்னாரா, போய்த் தொலை என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை.

கால்வாய்க் கரையைச் சுற்றி வீட்டுக்குப் போனேன். ரேடியோ கரைமுனையிலேயே காத்திருந்தான். "அண்ணே, ஜெயிச்சமா?"

"ஜெயிச்சோம். ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது!" என்று வரிசையைப் பார்த்து ஓடிவிட்டான். பின்னாலேயே நான் போவதற்குள் எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள். ரேடியோவின் அம்மா அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனா என்ற சொல் வாய்க்குள்ளேயே இருந்தது.

மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, படியுங்கள் என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. மாலை வகுப்புக்குக் கூப்பிட்டபோது, ஒரு வீட்டுக்கு ஒருத்தர் படித்தால் போதும் என்று விட்டாள். அப்பா சாட்சி சொன்ன இடத்தைப் படித்தபோது சிரித்தாள். "மாமா அப்படியே இருக்காரு" என்றாள். கடைசித் தாளுக்கு வந்தேன். "மேற்படி வழி வாதிகளுக்குத் திறந்தே இருக்க வேண்டும்" என்று படித்தேன். நிறுத்தினேன். தாள்களைச் சேர்த்து மடித்தேன்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கே" என்றாள்.

"அது சீல் பத்தினது."

"சீல் கீழ இருக்கு. இது மேல இருக்கு." தாளை என் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள், பிறகு சீல் இருக்கும் பக்கத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டாள். நான் படித்து நிறுத்திய இடம் எது என்று என் கண் நின்றதை வைத்தே கண்டுபிடித்திருந்தாள். அதற்கு அடுத்த எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, "இதுல என்னங்க இருக்கு?" என்றாள்.

வெளியே ரேடியோ யாருக்கோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், நாளைக்குச் சுவர் இடிகிறது என்று. நான் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாளாகத் தண்ணீரின் கனத்தில் அமுங்கியமுங்கி, அடியிலிருந்த சும்மாடு பானையின் வட்டத்துக்கு விரிந்துபோயிருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நின்றது. அவள் விரலை எடுக்கவில்லை.